மணல்குழியில் ஒன்று கூடுதல்

பானையை உடைக்க ஒரு முறை இருக்கிறது. சாக்குப்பைக்குள் பானையைப் போட்டு, வாயைக் கட்டி, மரச்சுத்தியால் அதன் வயிற்றில் ஒரே ஒரு தட்டு. இரண்டாவது தட்டு விழுந்தால் துண்டுகள் அதிகமாகிவிடும். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் ஒட்டி முடிப்பதற்குள் அலுத்துப்போவார்கள். தட்டு லேசாக விழுந்தாலோ பானை இரண்டாகப் பிளந்துகொள்ளும். அதில் கண்டுபிடிக்க ஒன்றும் இருக்காது.

அந்தத் தட்டைத் தட்டுவது டீச்சரின் கணவர். பழைய மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொடுக்கும் கடை வைத்திருந்தார். கை நிதானமான கை.

"புருஷன் சட்டி பானைய உடைச்சா எல்லா வீட்லயும் சண்டை வரும். நீதான் காசு குடுத்து வாங்கிட்டு வந்து, உடைங்கன்னு கெஞ்சுற," என்பார் ஒவ்வொரு வருடமும். டீச்சரும் ஒவ்வொரு வருடமும் சிரிப்பார்.

உடைந்த துண்டுகளைக் குளியலறை வாளியில் சேற்றுத் தண்ணீர் ஊற்றி ஊறவைப்பார் டீச்சர். செம்புக் காசுகளை உப்பும் வினிகரும் கலந்த கிண்ணத்தில் போட்டுவைத்தால் பச்சை பூக்கும். தாளைத் தேநீர் வடித்த சக்கையில் தோய்த்துக் காயவைத்து, ஓரத்தை மெழுகுவத்தியில் காட்டினால் போதும். இந்த வேலைகள் நடக்கும் வாரத்தில் வீட்டில் யாரும் நிம்மதியாகக் குளிக்க முடியாது.

மரம் அறுக்கும் ஆலைக்கு அடுத்தாற்போல் இருந்த ஆரம்பப் பள்ளியில் அவர் வேலை பார்த்தார். வகுப்புகளுக்குப் பின்னால், ஒரு காலத்தில் நீளம் தாண்டுவதற்காக வெட்டிய மணல்குழி ஒன்று இருந்தது. வருடத்தில் ஒருநாள் அதில் மூன்றாம் வகுப்பு அகழாய்வு செய்யும். முதல் நாள் மாலையே டீச்சர் எல்லாவற்றையும் புதைத்துவிடுவார். மறுநாள் குழியைக் கயிறு கட்டிக் கட்டங்களாகப் பிரிப்பார். கட்டத்துக்கு இரண்டு பேர், ஆளுக்கொரு கரண்டி, பெயின்ட் அடிக்கும் பிரஷ். எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்பது அவர் மனதில் இருக்கும். எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை.

வரலாறு அவருக்குப் பிடித்த பாடமாக இருந்ததே இல்லை. சின்ன வயதில் அது பெஞ்சின் மேல் நிற்க வைத்து ஒப்பிக்கச் சொன்ன பாடம். ராஜாக்களும் வருடங்களும் வாய்க்குள் போய், பரீட்சையில் வெளியே வந்து, அத்துடன் காணாமல் போனார்கள். ஆசிரியரான பிறகு ஒரு பயிற்சி முகாமில், குழந்தைகள் கையால் தொட்டுப் படிக்க வேண்டும் என்று சொன்னார்கள். மற்றவர்கள் பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். இவருக்கு அது பிடித்துக்கொண்டது. வராந்தா முழுக்கக் கயிறு கட்டித் துணிக்கிளிப்பில் காலத்தைத் தொங்கவிடுவார். இறகைச் சீவி மையில் தொட்டு எழுதச் சொல்வார். தெருவிலேயே வயதானவர் யார் என்று கண்டுபிடித்துப் பேட்டி எடுத்துவரச் சொல்வார். ஐந்தாம் வகுப்பு சார் அவருக்குப் பானை டீச்சர் என்று பெயர் வைத்தார். அவருக்கு அதில் வருத்தமில்லை.

ஆரம்பத்தில் குழந்தைகளிடம் உண்மையைச் சொல்லித்தான் குழியில் இறக்கினார். "இது விளையாட்டு, நான்தான் புதைச்சிருக்கேன்." அவர்கள் மணலை வாரி ஒருவர் மேல் ஒருவர் இறைத்துக்கொண்டார்கள். ஒரு வருடம் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. சைகை காட்டிக் குழியில் இறக்கிவிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பையன் ஓட்டாஞ்சில்லைப் பிரஷ்ஷால் துடைத்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "இதுல யாரு சாப்பிட்டாங்க?" மணலை இறைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள்.

அடுத்த வருடம் தொண்டை நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. பிறகு எப்போதுமே சொல்லவில்லை. "எவ்வளவு பழசு டீச்சர்?" என்று யாராவது கேட்டால், "நீ என்ன நினைக்கிற?" என்று திருப்பிக் கேட்பார். முகாமில் கற்றுக்கொடுத்த கேள்வி அது. நல்ல கேள்விதான். அதற்குப் பின்னால் வசதியாக நின்றுகொள்ளவும் முடிந்தது. நான் பொய் எதுவும் சொல்லவில்லையே என்று வைத்துக்கொண்டார்.

அந்த வருடம் அவர் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவளை எல்லோரும் கப்பல் என்று கூப்பிட்டார்கள். பள்ளி திறந்த முதல் வாரத்தில் அவரவர் வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது, அப்பா கப்பலில் கேப்டன் என்றாள். இன்னொரு நாள் அதே அப்பா கப்பலில் சமையல் செய்தார். அப்புறம் கப்பல் மூழ்கியது. அடுத்த மாதம் அவர் வேறு கப்பலில் ஏறிவிட்டார். பள்ளியைப் பெருக்கித் துடைக்கும் அக்காவின் மகள் அவள். அக்காவின் கணவர் எங்கே என்று யாரும் அக்காவைக் கேட்டதில்லை. மகளைத்தான் கேட்டுச் சிரித்தார்கள். பள்ளி விட்ட பிறகு அம்மா வேலை முடிக்கும்வரை அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள்.

அகழாய்வு நாளன்று தலைமை ஆசிரியரும் குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பெற்றோர்களைக் கூப்பிட்டுக் கண்காட்சி வைப்பதாக அறிவித்திருந்தார். போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். பானைத் துண்டுகள் வந்தன. காசுகள் வந்தன. களிமண்ணில் செய்து சுட்ட மாடு ஒன்று, கொம்பு உடையாமல் வந்தது. எல்லாம் வைத்த இடத்திலிருந்து, வைத்தபடி.

"டீச்சர், கை!" என்று கத்தினாள் கப்பல்.

அவள் கட்டத்தில் டீச்சர் வைத்தது ஒரு காசு. அதைக் கூட இருந்தவன் முன்பே எடுத்துவிட்டான். கப்பல் நிறுத்தாமல் தோண்டியிருந்தாள். மணல் முடிந்து கெட்டி மண் தெரிந்தது. அவள் உள்ளங்கையில் ஒரு பீங்கான் கை. சுண்டுவிரல் நீளம், முழங்கையில் மடங்கி, கட்டைவிரல் மட்டும் தனியாக.

டீச்சர் அதை வாங்கிப் பார்த்தார். மனதில் கட்டங்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இது இல்லை.

"எங்கேர்ந்து எடுத்த?"

"கீழேர்ந்து."

"பொய் சொல்லாத. இது இந்தக் குழியில இல்ல."

"இருந்துச்சு டீச்சர். மண்ணுக்குள்ள இருந்துச்சு."

"வீட்லேர்ந்து கொண்டு வந்தியா? பொம்மைய உடைச்சியா?"

"என்கிட்ட பொம்மையே இல்ல."

பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்: "கப்பல்ல வந்திருக்கும் டீச்சர்!"

எல்லோரும் சிரித்தார்கள். தலைமை ஆசிரியர் சிரித்தார். டீச்சரும் சிரித்தார். அடக்கப் பார்த்தார், வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கும்வரை கப்பல் நின்றாள். பிறகு கேட்டாள்: "அது இங்க இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இந்த மாதிரிக் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர் வருடாவருடம் பானை வாங்கினார். காது மடல் சூடானது. தலைமை ஆசிரியர் போனைத் தாழ்த்திக்கொண்டு பார்த்தார்.

"எதிர்த்துப் பேசுறியா? ஒரு பொய் போதாதா உனக்கு? போ, போய் வராந்தாவுல நில்லு."

அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுப் போனாள். அழவில்லை. பீங்கான் கையை டீச்சர் மேசை இழுப்பறையில் போட்டார்.

மாலையில் அக்கா வந்தார். கையில் துடைப்பத்தோடு வகுப்பு வாசலிலேயே நின்றார்.

"ஏதோ கொண்டாந்து வச்சுட்டு எடுத்த மாதிரி நடிச்சாளாமே டீச்சர். ஹெச்.எம். சார் சொன்னாரு. எனக்கு மானம் போச்சு."

"சரி விடுங்கக்கா. சின்னப் பொண்ணுதானே."

"இல்ல டீச்சர். நீங்க மன்னிக்கணும். இனிமே இப்படிப் பண்ணமாட்டா. நான் பாத்துக்கிறேன்."

"மன்னிச்சாச்சு, போங்க," என்றார் டீச்சர். மன்னித்தது அவருக்கு நன்றாகவே இருந்தது.

அடுத்த வாரம், கை கழுவும் இடத்துக்குப் புதுக் குழாய் போட ஆட்கள் வந்தார்கள். மணல்குழியை ஒட்டிப் பள்ளம் வெட்டினார்கள். இடைவேளையில் குழாய்க்காரர் சிமென்ட் சட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு டீச்சரிடம் வந்தார்.

"டீச்சர், இதெல்லாம் உங்க சரக்கா? வெட்ட வெட்ட வருது. உங்களுதுன்னா சொல்லிடுங்க, எடுத்த எடத்துலயே திரும்பப் பொதைச்சிடறேன். நமக்கு எதுக்கு வம்பு?"

சட்டியில் ஒரு பீங்கான் தலை, ஒரு கன்னம் போயிருந்தது. ஷூ போட்ட ஒரு கால். நீலக் கண்ணாடிப் புட்டியின் கழுத்து. இன்னொரு கை.

"என்னோடது இல்ல," என்றார் டீச்சர்.

"அப்ப இங்க முன்னாடி குப்பமேடு இருந்திருக்கும். யாரோ வீட்டுக் குழந்தைக்கு வெளையாடி அலுத்துப்போச்சு, தூக்கிப் போட்டுட்டாங்க."

அவர் போன பிறகு டீச்சர் இழுப்பறையைத் திறந்தார். அந்தக் கையை இந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்தார். அதே வெள்ளை, அதே மடிப்பு, தோளில் கம்பி கோத்துக் கட்டுவதற்கான அதே துளை.

எத்தனையோ வருடம் அந்தக் குழியில் பொய்ச் சாமான்களைப் போட்டு எடுத்தவர் அவர். முதல்முறையாக நிஜமாகவே ஒன்று கிடைத்திருந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவருக்கு வந்த முதல் எண்ணம், யாராவது பார்த்தார்களா என்பதுதான். கைக்குட்டையை எடுத்துச் சட்டியின் மேல் போட்டார். போட்ட பிறகு, தான் செய்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி அடித்துக் குழந்தைகள் உள்ளே வந்தார்கள். கப்பல் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் பக்கம் திரும்பாமலே கூட்டல் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்.

வீட்டில் கணவர் அந்தப் பொம்மைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல வேலைப்பாடு. சரி, பொண்ணு சொன்னது நெசம்தான். நாளைக்குச் சொல்லிடு, முடிஞ்சுது."

"எப்படிச் சொல்றது? அது குழியில இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்னு அவ கேட்டா. நான் வச்சதுல அது இல்ல, அதனால தெரியும். இதத்தான் சொல்லணும்."

"ஓ." அவர் பொம்மைத் தலையைக் கீழே வைத்தார். "அப்படின்னா இதையும் நீதான் வச்சேன்னு சொல்லு. வச்சத மறந்துட்டேன்னு. அவ மேல இருக்கற பழியும் போச்சு, உன் பேரும் கெடல."

டீச்சருக்கு அது நல்ல வழியாகப் பட்டது. படுக்கும்போதும் அப்படித்தான் பட்டது.

மறுநாள் பள்ளி விட்டதும் படிக்கட்டுக்குப் போனார். கப்பல் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவள் அம்மா பெஞ்சுகளை இழுக்கும் சத்தம் கேட்டது. டீச்சர் ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

"அன்னைக்கு ஒரு கை எடுத்தியே."

அவள் செருப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ பொய் சொல்லலம்மா. அது குழியிலதான் இருந்துது. நான்தான் வச்சேன், வச்சத மறந்துட்டேன். வேற யாருகிட்டயும் சொல்லிடாத, சரியா? அதெல்லாம் பழசுன்னு அவங்க நெனச்சிட்டிருக்காங்க."

கப்பல் அவரைப் பார்த்தாள்.

"நீங்க வைக்கல."

"வச்சேம்மா. மறந்துட்டேன்னு சொல்றேன்ல?"

"நீங்க வைக்கும்போது நான் இங்கதான் உக்காந்துட்டிருந்தேன். மாடு வச்சீங்க. காசு வச்சீங்க. ஒரு காசு கீழ விழுந்து தேடினீங்க. கை வைக்கல."

படிக்கட்டிலிருந்து பார்த்தால் மணல்குழி முழுவதும் தெரிந்தது. அதை டீச்சர் அப்போதுதான் கவனித்தார். ஒரு குழந்தையிடம் பொய் சொல்லி, அந்தக் குழந்தையாலேயே பிடிபட்டு, அதே படியில் உட்கார்ந்திருந்தார்.

"அப்போ உனக்கு எல்லாம் தெரியுமா?"

"போன வருசமும் பாத்தேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே? எல்லார் முன்னாடியும் நான் திட்டும்போது?"

"சொன்னா யாரு நம்புவா? நான் கப்பலாச்சே." அதை அவள் கசப்பாகச் சொல்லவில்லை. தன் வரிசை எண்ணைச் சொல்வதுபோலச் சொன்னாள். "உங்க சாமான் மேலாப்புலதான் இருக்கும். அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு பாத்தேன்."

டீச்சர் கைப்பையிலிருந்து பொம்மைத் தலையை எடுத்துக் கொடுத்தார். குழாய்க்காரர் எடுத்தது என்றார். கப்பல் அதன் உடைந்த கன்னத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"நான் தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சிடு," என்றார் டீச்சர்.

"எல்லார் முன்னாடியும்தானே திட்டினீங்க," என்றாள் அவள்.

மறுநாள் முதல் பீரியடிலேயே சொல்லிவிட்டார். கரும்பலகைக்கு முன்னால் நின்று, கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், கடைசியில் டஸ்டரைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பீங்கான் கை உண்மையாகவே மண்ணுக்குள் இருந்தது. அதைச் சொன்னவள் பொய் சொல்லவில்லை. மற்றதெல்லாம் நான் புதைத்தது.

ஒருத்தி கேட்டாள்: "பானை?"

"கடையில வாங்கினேன்."

"யாரு ஒடைச்சா?"

"எங்க வீட்டுக்காரர்."

சில பேர் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருவன் சிரிக்கவில்லை. மாட்டைக் கண்டெடுத்தவன் அவன். அதற்கு ஒரு பெயர்கூட வைத்திருந்தான்.

"மாடும் நீங்க செஞ்சதா?"

"ஆமா."

"எவ்வளவு பழசுன்னு கேட்டதுக்கு நீ என்ன நினைக்கிறன்னு கேட்டீங்க. நான் ஆயிரம் வருசம்னு சொன்னேன். நல்லா யோசிச்சேன்னு சொன்னீங்க."

டீச்சர் டஸ்டரை மேசைமேல் வைத்தார்.

"அப்போ கோட்டை?" என்று இன்னொருவன் கேட்டான். "புஸ்தகத்துல இருக்கே, அது?"

"கோட்டை நெசம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கோட்டையைப் பார்த்தவர்கள் எழுதிவைத்ததைப் பற்றி டீச்சர் சொன்னார், கல்லைப் பற்றிச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த முகங்களில் நம்பிக்கை இல்லை. கை உயர்ந்துகொண்டே இருந்தது. ராஜா நெசமா? சண்டை நெசமா? பேட்டி கொடுத்த அந்தத் தாத்தாவை நீங்கதான் அப்படிச் சொல்லச் சொன்னீங்களா? மணி அடித்ததும் வழக்கமாக ஓடுபவர்கள் அன்றைக்கு அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

தலைமை ஆசிரியர் தலையில் கைவைத்தார்.

"அழைப்பு குடுத்தாச்சு டீச்சர். என்னைக் கேட்டுட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா? அது சும்மா ஒரு விளையாட்டு, பசங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?"

"சாமானுக்கு முன்னாடி வைக்கிற அட்டைய மாத்தி எழுதச் சொல்லியிருக்கேன் சார்."

"என்னன்னு?"

"நடந்ததை."

கண்காட்சி மேசையில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் ஓர் அட்டை. மூன்று வரி: இது என்ன, எங்கே கிடைத்தது, எப்படித் தெரியும். பானைக்கு எழுதியவள் இப்படி எழுதியிருந்தாள்: 'பானை. டீச்சர் கடையில் வாங்கினார். டீச்சரின் வீட்டுக்காரர் உடைத்தார். டீச்சரே சொன்னார்.' பெற்றோர்கள் குனிந்து படித்துவிட்டு நிமிர்ந்து அவரைத் தேடினார்கள். சிரித்தவர்கள் உண்டு. "எங்க பொண்ணு இத ராஜா காலத்துப் பானைன்னு சொல்லி வீட்ல எல்லாரையும் கொன்னுட்டா டீச்சர்," என்றார் ஒரு தையல்காரர். கோபமாகச் சொல்லவில்லை. டீச்சர் தலையை ஆட்டினார். ஐந்தாம் வகுப்பு சார் மட்டும் அன்றைக்கு அவரைப் பானை டீச்சர் என்று கூப்பிடவில்லை. அதுவும் ஒரு மாதிரியாக இருந்தது.

மேசையின் ஓரத்தில் பீங்கான் கைகளும் காலும் தலையும் பஞ்சின் மேல் இருந்தன. பக்கத்தில் கப்பல் நின்றாள். அவள் அட்டையில் இரண்டு வரி சுருக்கமாக இருந்தது: 'பொம்மையின் கை. மணலுக்குக் கீழே நான் எடுத்தேன்.' மூன்றாவது வரியில், 'எப்படித் தெரியும்? டீச்சரைக் கேட்கவும்' என்று எழுதியிருந்தாள்.

கேட்டார்கள். ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார். நான் புதைத்தேன், இது நான் வைத்ததில் இல்லை, அதனால் இவளைப் பொய் சொல்கிறாள் என்றேன், எல்லோர் முன்னாலும் சிரித்தேன், பிறகு இது கிடைத்தது. சொல்லச் சொல்ல வாய்க்குப் பழகிவிடும் என்று நினைத்தார். பழகவில்லை. சிரித்தேன் என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் குரல் இறங்கியது. அவர் அந்த இடத்தைத் தாண்டிப் போகப் பார்த்தால் கப்பல் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தாள்.

கூட்டம் குறைந்தபோது அக்கா வந்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மேசைக்கு வந்தார். மகளைப் பார்க்கவில்லை. அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு டீச்சரிடம் திரும்பினார்.

"உங்களக் கேக்கணும்னு எழுதியிருக்காளே. என்ன டீச்சர்?"

டீச்சர் சொன்னார். மன்னிச்சாச்சு போங்க என்று சொன்னதையும் சேர்த்துச் சொன்னார்.

அக்கா முழுவதும் கேட்டார். முந்தானையால் மேசை விளிம்பில் இருந்த மணலைத் துடைத்தார்.

"அன்னைக்கு வீட்டுக்குப் போய் இவள அடிச்சேன் டீச்சர்," என்றார். "ஒத்துக்கோடி, ஒத்துக்கோடின்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். ஒத்துக்கவே இல்ல."

"தப்பு என்னுது அக்கா."

"ஆமா, அதான் சொல்றீங்களே," என்றார் அக்கா. "அடிச்சது என் கைதானே."

வாசலில் இன்னும் ஒரு குடும்பம் நுழைந்துகொண்டிருந்தது. பானையிடம் நின்று சிரித்தார்கள். பிறகு மேசையின் ஓரத்துக்கு வந்தார்கள். அப்பா அட்டையைப் படித்துவிட்டு, "யாரும்மா இங்க டீச்சர்?" என்று கேட்டார்.

அக்கா போகவில்லை. மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.